உன் பெயரை நீயே எழுது!

விழுப்புரம் மாவட்டத்து அவலூர்பேட்டைக்காரன் ஒருவன் ராக் இசைத் தொகுப்பு வெளியிடப் போகிறான் என்று கடைத்தெருவில் சொல்லிப் பார். பத்துப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! அந்தப் பத்துப் பேரோடு சேர்ந்து நீயும் சிரிக்கிறாயே தம்பி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு என்ன குறை? விரல் நுனி காய்த்துப் போகும் அளவுக்குக் கிதார் வாசித்திருக்கிறாய். ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் நின்று, யாரோ போட்ட மெட்டை யாரோ பாட, நீ கம்பியை மீட்டியிருக்கிறாய். கைதட்டல் வந்தபோது அது முன்வரிசைக்குப் போனது. நீ கிதாரை உறைக்குள் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாய். வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் உன் சொந்தப் பாட்டுகள் இருக்கின்றன. அதை இதுவரை யாரிடமும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "நம்ம பாட்டை யாரு கேட்கப் போறாங்க?" என்கிறாய்.

தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். "பொம்பளைப் பிள்ளைக்குக் கிதார் எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. வாயால் சொல்ல வேண்டாம். ஒரு தொகுப்பால் சொல்!

ராக் பிறந்தது எந்த ஊரில்?

ராக் இசை என்றால் பெருநகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் சொத்து என்று நினைக்கிறாய். தவறு. அதன் வேர் வயல்காட்டில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திப் பண்ணை ஒன்றில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் ஒரு கறுப்பினத் தொழிலாளி. பெயர் மட்டி வாட்டர்ஸ். பகலில் பண்ணை வேலை, இரவில் கிதார். 1941 இல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் இசை ஆய்வாளர், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் குடிசைக்கே வந்தார். பாடச் சொன்னார், பதிவு செய்தார், அங்கேயே போட்டுக் காட்டினார். தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்ட அந்தத் தொழிலாளிக்கு அன்றுதான் உறைத்தது, 'என்னாலும் முடியும்' என்று. 1943 இல் பண்ணையை உதறிவிட்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார். மின்கிதாரைக் கையில் எடுத்தார். அவர் அங்கே எழுப்பிய ஓசையிலிருந்து ஒரு தலைமுறையே ராக் இசை கற்றது. லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்கு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? மட்டி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து!

பருத்திக் காட்டிலிருந்து புறப்பட்ட இசை உலகத்தை ஆட்டியது. நம் மல்லாட்டைக் காட்டிலிருந்து, நிலக்கடலைக் காட்டிலிருந்து புறப்பட்டால் மட்டும் ஆகாதா?

லண்டனில் ஒரு தமிழ்ப் பெண்

"அவர் வெள்ளைக்கார நாட்டுக்காரர், நமக்கு எப்படி?" என்று இழுக்காதே. நம் வீட்டுப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறேன், பார்.

சுஷீலா ராமன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பத்தில், 1973 இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. வீட்டில் கர்நாடக சங்கீதம் கற்றார், மேடையிலும் பாடினார். பதின்ம வயதில் சிட்னியில் சொந்தமாக ஒரு குழு தொடங்கி ராக் அண்டு ரோலும் ஃபங்க் இசையும் பாடினார். பிறகு புளூஸ், ஜாஸ் பக்கமும் போனார்.

இரண்டு இசை, இரண்டு உலகம். வீட்டில் தியாகையர், மேடையில் எலெக்ட்ரிக் கிதார். பலரும் இந்த இடத்தில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள்வார்கள். சுஷீலா எதையும் விடவில்லை. 1995 இல் இந்தியாவுக்கு வந்தார். ராக் மேடையில் பாடிப் பழகியவர், மறுபடியும் மாணவியாக உட்கார்ந்து ராகம் பயின்றார். 1997 இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கிதார்க் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்.

2001 இல் அவருடைய முதல் தனித் தொகுப்பு வெளிவந்தது. பெயர் 'சால்ட் ரெயின்'. அதில் தியாகையர் கீர்த்தனையும் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனையும் இருந்தன. அவற்றின் பக்கத்திலேயே அவரே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளும் இருந்தன. கிதார் ஒலித்தது, தபலா ஒலித்தது, பிரெஞ்சுக் கலைஞர் வின்சென்ட் செகாலின் செல்லோ ஒலித்தது, கேமரூன் நாட்டு ஹிலேர் பெண்டாவின் பேஸ் கிதாரும் ஒலித்தது. லண்டன் கேட்டது. தெலுங்கும் சமஸ்கிருதமும் ஒரு சொல்கூடப் புரியாதவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்!

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பன்னிரண்டு தொகுப்புகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றில் ஒன்றுக்கு மெர்க்குரி பரிசு தருவார்கள். 2001 ஆம் ஆண்டின் பட்டியலில் ரேடியோஹெட் குழு போன்ற மலைகள் இருந்தன. அந்த மலைகளின் வரிசையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முதல் தொகுப்பும் நின்றது. பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை; பாடகி பி.ஜே. ஹார்வி பெற்றார். அதற்காக சுஷீலா ஓய்ந்தாரா? அடுத்த ஆண்டே பிபிசி ரேடியோ 3 உலக இசை விருதில் சிறந்த புதுமுகம் என்ற பெயர் வந்தது. தொடர்ந்து தொகுப்புகள் வந்தன. 2011 இல் ஒரு தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'வேல்'! தமிழ்ப் பக்திப் பாட்டின் ஆவேசத்தை ராக் இசையின் ஆவேசத்தோடு மோதவிட்ட தொகுப்பு அது.

யோசித்துப் பார் தம்பி. சித்தகிரி மலையில் முருகன் நிற்கிற ஊர்க்காரன் நீ. அரோகரா சத்தம் கேட்டு வளர்ந்தவன் நீ. லண்டனில் பிறந்தவர் கடல் கடந்து வந்து அந்த நெருப்பை எடுத்துப் போகிறார். நீயோ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "நம்மகிட்ட என்ன இருக்கு?" என்கிறாய்!

கண்ணுக்குத் தெரியாத காலம்

சுஷீலாவின் கதையில் எல்லோரும் 2001 ஐத்தான் பார்ப்பார்கள். நீ 1995 ஐப் பார். இடையிலே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் பட்டியலில் பெயர் வரவில்லை, விருதும் வரவில்லை. கற்றல், கலைத்துப் போடுதல், மறுபடியும் கட்டுதல் என்று காலம் ஓடியது.

மல்லாட்டைக்கு மஞ்சள் பூ வெளியே பூக்கும். பிறகு அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். காய் பிடிப்பதெல்லாம் உள்ளே, இருட்டில். செடியைப் பிடுங்கும் நாளில்தான் விளைச்சல் தெரியும். அவசரப்பட்டு முன்கூட்டியே பிடுங்கியவனுக்குப் பொக்கு. பருவம் தாண்டியும் பிடுங்காமல் விட்டவனுக்கு மண்ணிலேயே முளைவிட்டுப் போகும். உன் நோட்டில் இருக்கும் பாட்டுகள் முதல் வகையா, இரண்டாம் வகையா என்று நீயே சொல். எனக்கென்னவோ பருவம் தாண்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

குழுவின் நிழல்

குழு நல்லது. தாளக்கட்டு அங்கேதான் பிடிபடும். பிறர் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கமும் அங்கேதான் வரும். ஆனால் நிழல் சுகமாக இருக்கிறது என்று அங்கேயே படுத்துவிட்டால், வெயிலில் வளர வேண்டியது வளராது.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனை எடுத்துக்கொள். லென்னன், மெக்கார்ட்னி என்ற இரண்டு பேரரசர்களுக்கு நடுவில் நின்றவர். ஒரு தொகுப்புக்கு அவருடைய பாட்டு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் ஏறும். மற்றவை ஒதுங்கிவிடும். ஒதுங்கிய பாட்டுகளை அவர் குப்பையில் போடவில்லை, சேர்த்து வைத்தார். குழு உடைந்த 1970 ஆம் ஆண்டிலேயே 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வெளிவந்தது. ஒரு தட்டு போதவில்லை, இரண்டு தட்டு போதவில்லை, மூன்று இசைத்தட்டுகள்! அமெரிக்காவில் முதலிடம். அதிலிருந்த 'மை ஸ்வீட் லார்ட்' அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம். குழுவில் இடம் கிடைக்காமல் நின்ற பாட்டுகள், கதவு திறந்ததும் வெள்ளமாய்ப் பாய்ந்தன.

நிர்வாணா குழுவின் டிரம்மர் டேவ் குரோல். 1994 ஏப்ரலில் குழுவின் தலைவர் கர்ட் கோபேன் இறந்தார், குழுவும் முடிந்தது. தன் சொந்தப் பாட்டுகளைக் கோபேனிடம் காட்டவே கூச்சப்பட்டவர் குரோல். அதே ஆண்டு அக்டோபரில் சியாட்டில் நகர ஸ்டுடியோ ஒன்றில் நுழைந்தார். டிரம்ஸ் அவர், கிதார் அவர், பேஸ் அவர், பாட்டும் அவர். ஒரே ஒரு பாட்டில் ஒரு கிதார்ப் பகுதி மட்டும் நண்பர் வாசித்தது. ஒரு வாரத்துக்குள் தொகுப்பு முடிந்தது. அப்போதும் கூச்சம் விடவில்லை. தன் பெயரைப் போடாமல் 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று ஏதோ ஒரு குழு செய்தது போல வெளியிட்டார். 1995 இல் வெளிவந்த அந்தத் தனி மனிதத் தொகுப்பே பிறகு உலகப் புகழ்பெற்ற குழுவாக வளர்ந்தது. கூச்சம் போனபின் செய்யலாம் என்று குரோல் காத்திருக்கவில்லை. கூச்சத்தோடேயே செய்தார். நீயும் அப்படியே செய்!

வெற்றிகூட ஒரு நிழல்தான். பண்ணைப்புரத்து இளையராஜா 1976 இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடையிலும் அவர்தான். அதோடு நின்றிருந்தால் ஏன் என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் 1986 இல், கதாநாயகனும் இல்லாமல், கதையும் இல்லாமல், 'ஹௌ டு நேம் இட்' என்ற தனித் தொகுப்பைக் கொண்டுவந்தார். தியாகையருக்கும் ஜெர்மனியின் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை என்றார். இயக்குநர் கேட்டதைத் தருவதோடு, தன் உள்ளம் கேட்டதையும் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதுதான் கலைஞனின் பசி. உச்சியில் இருந்தவருக்கே அந்தப் பசி இருந்தால், உனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

பாடியவன் பெயர் எங்கே?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்காமல் நீ வளர்ந்திருக்க முடியாது. ஓராண்டுகூட முழுதாக ஆளாத ராஜா தேசிங்கு, 1714 இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இருபதுகளின் தொடக்கத்திலேயே உயிரை விட்டான். அந்தக் கோட்டையை அவனைவிட நீண்ட காலம் ஆண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் தூங்குகிறது. தேசிங்கு மட்டும் மூன்று நூற்றாண்டாக மக்கள் வாயில் வாழ்கிறான். காரணம், ஒருவன் அவன் கதையைப் பாட்டாகக் கட்டினான்.

சரி, கட்டியவன் பெயர் என்ன? யாரைக் கேட்டாலும் தெரியாது!

விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்கள், மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் பம்பையும் உடுக்கையும் அடித்து ஆயிரக்கணக்கானோரைச் சாமியாட வைத்தவர்கள், எத்தனை மேதைகள் இந்த மண்ணில்! அவர்களில் எத்தனை பேருடைய பெயர் மிஞ்சியிருக்கிறது? அன்றைக்குப் பதிவு செய்ய வழியில்லை. ஏழைக் கலைஞனின் பெயரை எழுதி வைக்க எவனுக்கும் மனமும் இல்லை. உனக்கு அந்தச் சாக்கு கிடையாது. உன் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இனியும் பெயரில்லாமல் போனால் குற்றம் காலத்தின் மேல் இல்லை தம்பி, உன் மேல்!

ஒரு தொகுப்பின் அட்டையில் பெயரைப் போடுவது பெருமைக்காக மட்டும் என்று நினைக்காதே. அது பொறுப்பு. பாட்டு நன்றாக இருந்தால் நீ. சொதப்பினாலும் நீ. "டிரம்மர் சரியில்லை, மைக் சரியில்லை" என்று கைகாட்ட ஆள் கிடையாது. அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் துணிவுக்குத்தான் தன்னம்பிக்கை என்று பெயர்.

சாக்குகளைக் கொளுத்து!

பணம் இல்லையா? உலகத்தின் பெரும் பணக்கார இசைக்கலைஞர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி, 1970 இல் வந்த தன் முதல் தனித் தொகுப்பின் பெரும்பகுதியை வீட்டில் வைத்த நான்கு தடக் கருவியில்தான் பதிந்தார். எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்தார். நான்கே தடம்! இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் உனக்கு எத்தனை தடம் வேண்டுமானாலும் உண்டு. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல மைக், ஒரு ஹெட்போன் போதும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

ஸ்டுடியோ இல்லையா? சுவரில் தடித்த போர்வையையும் ஜமுக்காளத்தையும் தொங்கவிடு; எதிரொலி அடங்கும். பஸ் ஓய்ந்த பின்னிரவில் பதிவு செய். மெட்ரோனோமை ஓடவிட்டு முதலில் தாளத்தைப் பதி, அதன்மேல் பேஸ், அதன்மேல் கிதார், கடைசியில் குரல். பம்பை சேர்ப்பதென்றால் மைக்கை நாலு அடி தள்ளி வை. அதன் வேகத்தை நெருக்கத்தில் பல மைக்குகள் தாங்காது. பம்பைக்காரருக்கு உரிய கூலியைக் கொடு. அட்டையில் அவர் பெயரையும் போடு.

படிப்பு இல்லையா? விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ராக் வாசிப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. சுஷீலா ராமன் எதற்காகக் கடல் கடந்து வந்தார் என்று நினைத்துப் பார்.

சட்டம் தெரியாதா? கற்றுக்கொள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் வாழும் காலம் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் பாட்டின் உரிமை நீடிக்கும். எனவே தியாகையரும் தீட்சிதரும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. சினிமாப் பாட்டு அப்படியில்லை. அதை நீ எவ்வளவு அழகாகப் பாடினாலும் உரிமை இன்னொருவருடையது. உன் சொந்தப் பாட்டுதான் உன் நிலம், உன் பட்டா. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தமக்குரிய ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி 2012 திருத்தம் காப்பு தருகிறது. எந்தக் காகிதத்திலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே.

வயதாகிவிட்டதா? சுஷீலாவின் முதல் தொகுப்பு வந்தபோது அவர் இருபதுகளின் இறுதியில் இருந்தார். மட்டி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயில் ஏறியதும் அந்த வயதை ஒட்டித்தான்.

இன்னும் ஏதாவது சாக்கு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதையும் கொண்டுவந்து போடு, சேர்த்தே கொளுத்திவிடலாம்!

வென்றால் என்ன, தோற்றால் என்ன?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் முதல் தொகுப்பை நூறு பேர்கூடக் கேட்காமல் போகலாம். சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டு "பரவாயில்லை" என்று பேச்சை மாற்றலாம். வேலையை விட்டுவிட்டு இதில் குதி என்றும் நான் சொல்லவில்லை. மட்டி வாட்டர்ஸ் பகலில் டிராக்டர் ஓட்டியபடிதான் இரவில் பாடினார். நீயும் பகலில் கடையிலோ வயலிலோ கம்பெனியிலோ உழை. இரவில் ஒரு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. அது உன்னுடையது.

ஆனால் முடிக்கப்பட்ட ஒரு படைப்பு மனிதனுக்கு என்ன செய்யும் தெரியுமா? அவன் நடை மாறிவிடும். "பாடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் "பாடியிருக்கிறேன்" என்று சொல்லத் தொடங்குவான். முதல் தொகுப்பின் பிழைகள் இரண்டாவதற்குப் பாடம் சொல்லும். பாதியில் நிற்கும் நூறு பாட்டு ஒன்றும் சொல்லித் தராது. முடித்த ஒரு பாட்டு எல்லாம் சொல்லித் தரும்.

எனவே நோட்டை எடு. இருப்பதில் சிறந்த ஐந்து பாட்டுகளைப் பொறுக்கு. ஐந்தும் முடியாதென்றால் ஒன்றை எடு. இந்தப் பொங்கலுக்குள், இல்லையேல் அடுத்த ஆடிக்குள் என்று ஒரு நாள் குறி. அந்த நாளை வீட்டில் சொல். சொல்லிவிட்டால் பின்வாங்க வெட்கமாக இருக்கும். உன் மண்ணின் இசை, ராக் இசை இரண்டையும் சேர்த்துப் பிடி. ஒன்றுக்காக இன்னொன்றைக் கைவிடாதே. பதிவு செய். பிழை இருந்தால் திருத்து. மறுபடியும் பதிவு செய். முடித்ததும் அட்டையில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடு. அதற்குக் கீழே, ஒரு எழுத்தும் சுருக்காமல், அவலூர்பேட்டை என்று எழுது.

எழுந்திரு தம்பி! எழுந்திரு தங்கையே! உன் பாட்டை வேறு எவராலும் பாட முடியாது. நீ பாடாவிட்டால் அது பாடப்படாமலே போகும்.